கம்பி இழுக்கிற கை

ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தல் வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கம்பி இழுக்க மட்டும் தவசியைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டார்கள் என்று சொல்வதுதான் சரி. இரண்டு வருஷமாக அவர் கம்பியைத் தொடுவதில்லை.

பந்தல் என்றதும் வெளியூர்க்காரர்கள் கல்யாணப் பந்தலை நினைத்துக்கொள்வார்கள். இது வேறு. கல்தூண் நட்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி ஓட்டி, அதில் கொடியைப் படரவிடுவோம். காய் பிடித்துக் கனம் ஏறினால் கம்பி தொய்யும், ஓரத்துத் தூண் சாயும். சாய்ந்ததை அன்றைக்கே நிமிர்த்தி, அடியில் கல் வைத்துக் கெட்டித்து, கம்பியை விறைப்பாக்கிவிட வேண்டும். அசந்தால் பக்கத்துத் தூணும் சாயும். இன்னும் அசந்தால் பந்தலே படுத்து, பன்னீர்த் திராட்சை மண்ணில் கிடக்கும். அதனால் பந்தல்காரன் கண் எப்போதும் தூண் மேலேயே இருக்கும். தவசி அடுத்தவர் தோட்டத்து வழியாக நடந்தால்கூட, சாய்ந்த தூணைக் கண்டால் நிமிர்த்திவிட்டுத்தான் நகர்வார். கூலி கேட்க மாட்டார். கிறுக்குப் பிடித்த மனுஷன் என்று ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது சீனிச்சாமி தோட்டத்தில் பழப் பெட்டி சுமக்கிறார்.

ஆனி மாதம். கூடலூர்ப் பக்கமிருந்து சாரல் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையில் பந்தலுக்கு அடியில் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் கொத்துகளில் சொத்தைப் பழங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். தவசியின் மனைவி பஞ்சம்மாளும் அதில் ஒருத்தி. தோட்டக்காரர் சீனிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏப்பா தவசி, அந்த மேக்கு ஓரத்துத் தூணக் கொஞ்சம் பாத்தாத்தான் என்னவாம்? சின்னமனூர்ப் பயலுகளக் கூட்டியாந்து விட்டேன். முறுக்கு முறுக்குன்னு முறுக்கிக் கம்பிய அத்துப்புட்டாங்கெ."

"எனக்கு ஒத்து வரல மொதலாளி."

"கை வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல."

"பெறகென்ன? பெட்டி தூக்க ஒத்து வருது, கம்பி இழுக்க ஒத்து வரலயாக்கும். போனவன் போயிட்டான்ப்பா. நீ இப்பிடிக் கெடந்தா வந்துருவானா?"

தவசி பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார். சீனிச்சாமி பஞ்சம்மாளைப் பார்த்தார்.

"நீயாச்சும் சொல்லக்கூடாதாத்தா?"

"நாஞ் சொல்லி எங்க கேக்குறாக? வீட்டுலயும் இப்பிடித்தான். கொடிக்கம்பி அந்து மாசமாச்சு. துணியெல்லாம் சொவத்து மேல காயுது."

போனவன் அவர்களுடைய ஒரே மகன் ஈஸ்வரபாண்டி. மதுரையில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் மலைச்சரிவு எப்படிப் பிடி விடும், மண் எப்போது நகரும் என்று பார்க்கிற படிப்பு. ஜியோடெக்னிக்கல் என்பார்கள். மாதாமாதம் ஸ்காலர்ஷிப் வந்தது. படிக்கிறதுக்குச் சம்பளமா என்று ஊரில் கண் வைக்காத ஆள் இல்லை. மேகமலைக்குப் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருக்கிற லயன் வீடுகளுக்கு மேலே, சரிவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டான்.

அவன் வைத்த கருவி யாருக்கும் புரியக்கூடியதுதான். வெடிப்புக்கு மேலே அசையாத பாறையில் ஓர் இரும்புச் சட்டம். வெடிப்புக்குக் கீழே மண்ணில் அடித்த இரும்புக் குழாய். இரண்டுக்கும் நடுவே கம்பி. கம்பியின் மேல்முனை சட்டத்திலுள்ள கப்பியில் ஏறி இறங்கி, அதில் ஓர் எடைக்கல் தொங்கும். கீழ் மண் நகர்ந்தால் குழாய் சாய்ந்து கம்பியை இழுக்கும், எடைக்கல் மேலே ஏறும். சிவப்புக் கோட்டைத் தாண்டி ஏறினால் லயனைக் காலி பண்ணச் சொல்ல வேண்டும், சரிவில் யாரும் கால் வைக்கக்கூடாது. ஏறாவிட்டால் பயமில்லை.

அந்தக் கம்பியை இழுத்துக் கட்டியது தவசிதான். விறைப்பாக இழுத்துக் கட்டுவதோடு சரி, அது எதைக் காட்டும் என்று அவர் கேட்டதில்லை. மகனே வந்து கூப்பிட்டான். "காலேஜ்ல எவ்வளவோ மெஷின் இருக்குப்பா. கம்பி இழுக்க ஒங்கள விட்டா ஆளில்ல." இந்த ஒரு வாக்கியத்தைத் தவசி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீக்கடையில் எனக்கே பல தடவை சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையானால் தூக்குவாளியில் சோற்றைக் கட்டிக்கொண்டு மகனோடு மலையேறிவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி கழிந்த அடைமழையில் ஒரு திங்கட்கிழமை. வெடிப்புக்குக் கீழே தனியாகத் தோண்டியிருந்த ஆழத் துளையில் மண்ணுக்குள் தண்ணீர் மட்டம் பார்க்க இறங்கினான் ஈஸ்வரபாண்டி. சரிவு அப்படியே அவன் மேல் இறங்கிவிட்டது. லயன்காரர்கள் கொழுந்து எடுக்கப் போயிருந்ததால் பிழைத்தார்கள். வீடுகளின் பின்சுவர் மட்டும் போனது. அதே இடத்தில் சுவரைக் கட்டிக்கொண்டு இப்போதும் குடியிருக்கிறார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். ஊர் அதோடு விடவில்லை. மலை சரிகிறதைப் படிக்கப் போனவனுக்கு, சரியப் போகிறது என்று தெரியவில்லையே என்றார்கள். குழாயடியில் சொன்னார்கள், பந்தலில் சொன்னார்கள், துட்டி கேட்க வந்த சாவு வீட்டிலேயே சொன்னார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். பஞ்சம்மாளுக்கு அது நெஞ்சில் ஏறிய முள். என் பிள்ளை கெட்டிக்காரன், அவன் கணக்கு தப்பாது என்று கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் கல்லூரியிலிருந்து போன் வந்தது. ஈஸ்வரபாண்டியின் வாத்தியார்களும் கூடப் படித்தவர்களும் சேர்ந்து அவன் பெயரில் ஓர் ஆராய்ச்சி ஸ்காலர்ஷிப் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவன் படிப்பைத் தொடர்கிறவர்களுக்கு வருஷாவருஷம் கொடுப்பார்கள். முதல் ஆளாகப் போடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் சுந்தர்ராஜின் மகள் ஷீபாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விழா, தாய் தகப்பன் கையால் கொடுக்க வேண்டும் என்றார்கள். பஞ்சம்மாள் உடனே சரி என்று சொல்லிவிட்டாள்.

"நான் வரல" என்றார் தவசி.

"ஏனாம்?"

"வரல."

"எம்புள்ள பேரு எழுதி வச்சிருக்காகளாம். பெரிய பெரிய ஆளுக வாராக. பெத்தவரு வரலன்னா என்ன நெனப்பாக?"

"நீ போயிட்டு வா பஞ்சு."

"ஒங்களுக்கு மட்டுந்தான் துக்கமா? எனக்கில்லயா? நான் நாலு பேரு மூஞ்சில முழிக்கல?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். துக்கம் ஆளை இப்படி ஆக்கிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். உண்மை வேறாக இருந்தது.

மகன் சாவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. மழை கொஞ்சம் வெறித்திருந்தது. ஈஸ்வரபாண்டி லயன் வீடுகளில் பேசிக்கொண்டு கீழே நின்றுவிட்டான். தவசி தூக்குவாளியோடு முன்னால் ஏறிவிட்டார். வெடிப்புக்குக் கீழே அவர் அடித்த குழாய் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. தான் நட்டது மழைக்குத் தாங்கவில்லையே, மகன் பார்த்தால் என்ன நினைப்பான் என்று தோன்றியது. தூக்குவாளியை வைத்துவிட்டு, குழாயை நிமிர்த்தி, அடியில் சல்லிக்கல் செருகி, காலால் மிதித்துக் கெட்டித்து, புல்லோடு பெயர்த்த மண்கட்டியை மேலே வைத்து மூடினார். தேர்ந்த கை. செய்த தடயமே தெரியாது. எடைக்கல் இறங்கி, மகன் கிழித்திருந்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே பழைய இடத்தில் போய் நின்றது. அவருக்குத் திருப்தியாக இருந்தது. மகனிடம் சொல்ல வேண்டிய விஷயமாகக்கூட அவருக்குப் படவில்லை. சாயங்கால பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டார். மகன் தோட்டத்திலேயே தங்கினான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த வாத்தியார் ஒருவர், கருவி எப்படி வேலை செய்யும் என்று வாசல் மண்ணில் குச்சியால் கோடு போட்டு ஊர்க்காரர்களுக்கு விளக்கினார். எடைக்கல் ஏறவேயில்லை, அதை நம்பித்தான் இறங்கியிருக்கிறான் என்றார். கூட்டத்தில் நின்றிருந்த தவசிக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றையிலிருந்து அந்தக் கை கம்பியைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷீபா நேரில் அழைக்க வந்தாள். ஒல்லியான பெண், தோளில் பெரிய பை. மொச்சையும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள் பஞ்சம்மாள். சாப்பிடாமல் பேசக்கூடாது என்று தவசிக்குப் பக்கத்திலேயே தட்டைப் போட்டு உட்கார வைத்துவிட்டாள். ஷீபா கூச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

"எங்கம்மாவும் இப்படித்தாம்மா வைப்பாங்க. கொஞ்சம் மாங்காய் போடுவாங்க."

"மாங்கா முடிஞ்சுபோச்சு தாயி. நீ என்ன, எம்மகன் பாத்த அதே எடத்தையா பாக்கப் போற?"

"அதே சரிவுதாம்மா. அண்ணன் எடுத்து வச்ச அளவெல்லாம் எங்கிட்டதான் குடுத்திருக்காங்க. வாரவாரம் எடுத்திருக்காங்க, ஒண்ணு விடல."

"அவன் அப்பிடித்தான். சின்னப்புள்ளயில இருந்தே எதையும் அரகொறயா விட மாட்டான்." பஞ்சம்மாள் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "அதப் படிச்சா என்ன தெரியுது?"

ஷீபா தயங்கினாள். "கோடு போட்டுப் பாத்தா ஒரே மட்டமா படுத்துக் கெடக்கும்மா. கடைசி நாள் வரைக்கும் துளி அசைவு இல்ல. அப்புறம் திடுதிப்புன்னு விழுந்திருக்கு. அதனால அந்த மண்ணு முன்னால சொல்லாம சரியுற ஜாதின்னு சார் நெனக்கிறாங்க. கம்பி கட்டிப் பாக்குறதெல்லாம் அங்க உதவாதாம். திரும்ப வைக்க வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க."

"அப்ப எம்புள்ள வச்சது தப்பா?"

"தப்புன்னு சொல்லலம்மா. அந்த முறை அந்த எடத்துக்குப் பொருந்தல."

"ரெண்டும் ஒண்ணுதான தாயி" என்றாள் பஞ்சம்மாள். குரல் இறங்கிவிட்டது. "ஊருல சொன்னது சரின்னு ஆகிப்போச்சு."

"லயன்ல இருக்கவங்க எப்பிடித் தெரிஞ்சுக்குவாக?" என்று கேட்டார் தவசி. அந்தப் பெண் வந்ததிலிருந்து அவர் பேசியது அதுதான் முதல்.

"தெரிஞ்சுக்க வழியில்லைங்கய்யா. அங்க இருந்து போகவும் மாட்டேங்கிறாங்க. தோட்டத்துலயும் வேற எடம் குடுக்கல."

தவசி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் பஞ்சம்மாளுக்குப் புருஷன் மிஞ்சுவான். மகன் தப்புக் கணக்குப் போட்டவனாகவே போவான், அந்தச் சுவர்களுக்கு அடியில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வாயைத் திறந்தால் மகன் சரி, லயன் பிழைக்கும். அவர் மிஞ்ச மாட்டார்.

"அந்தக் கோடு தப்பு தாயி" என்றார்.

"எதுங்கய்யா?"

"படுத்துக் கெடக்குன்னு சொன்னேல்ல, அது. அது எந்திரிச்சிருச்சு. நாந்தான் படுக்க வச்சேன்."

ஷீபாவுக்குப் புரியவில்லை. அவர் எச்சில் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையின் முழங்கையைத் தரையில் ஊன்றிச் செங்குத்தாக நிறுத்தினார். பிறகு மெல்லச் சாய்த்துக் காட்டினார்.

"ஞாத்துக்கெழம குழாய் இம்புட்டுச் சாஞ்சு நின்னுச்சு. பந்தல்ல நிமித்துற மாதிரி நிமித்திப்புட்டேன். அவன் வாரதுக்கு முன்னாடி."

"எடைக்கல் எங்க நின்னுச்சுங்கய்யா? நீங்க தொடுறதுக்கு முன்னாடி?"

"மேல. கப்பிய முட்டப் போச்சு."

"செவப்புக் கோட்டத் தாண்டியா?"

"வெகு தூரம் தாண்டி."

ஷீபா சட்டென்று முழங்காலில் எழுந்துவிட்டாள். படிக்கிற பிள்ளை, அந்த நேரத்தில் அவளுக்கு விடை மட்டும்தான் கண்ணில் பட்டது. "அம்மா, அண்ணன் வச்சது வேல செஞ்சிருக்கும்மா. ஒரு நாளைக்கு முன்னாடியே காட்டியிருக்கு. அண்ணன் கணக்குல ஒரு பிசகும் இல்ல. அந்த மண்ணு சொல்லிட்டுத்தான் சரிஞ்சிருக்கு."

"நெசமாவா?"

"சத்தியமாம்மா."

பஞ்சம்மாளின் முகம் திறந்தது. இரண்டு வருஷமாக ஊரில் யாரும் பார்க்காத முகம். கையில் கரண்டியோடு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "எனக்குத் தெரியும். எம்புள்ளையா தப்பா வப்பான்? என்னென்ன பேசுனாக. இந்தா, பக்கத்து வீட்டுத் தேவயானி என் மூஞ்சிக்கு நேராச் சொன்னா. நாளைக்கே சொல்றேன். எம்மகன் வச்சது காட்டுச்சுடி, ஒரு நா முன்னாடியே காட்டுச்சு, காட்டுனத வந்து..."

அதோடு நின்றுவிட்டாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

ஷீபாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. "ஐயா, நான்..." என்று ஆரம்பித்தாள். அழுகை வந்துவிட்டது.

"நீ சாப்புடு தாயி" என்றார் தவசி.

அவள் சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "ஐயா, இத நான் எழுதித்தான் ஆகணும். எழுதினாத்தான் அங்க திரும்பக் கருவி வைப்பாங்க. ஒங்க பேரு வராம பாத்துக்கிறேன். யாரோ தெரியாம தொட்டுட்டாங்கன்னு போட்டுக்கிறேன்."

உள்ளேயிருந்து பஞ்சம்மாளின் குரல் வந்தது. "பேரு போட்டே எழுது."

சாயங்காலம் வரை பஞ்சம்மாள் வேலை பார்த்துக்கொண்டே இருந்தாள். பாத்திரத்தைக் கழுவினாள், கூட்டினாள், பானையில் தண்ணீர் பிடித்து வைத்தாள். எல்லாம் முடிந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க மலையில இருந்து எறங்கி வந்த அன்னைக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணுனான்" என்றாள். "அம்மா, எவ்வளவோ பயந்துக்கிட்டு வந்தேன், ஒண்ணும் அசையல, நிம்மதியா தூங்குன்னான். தூங்குனேன்."

தவசி தலை நிமிரவில்லை.

"பதினாறாம் நாளே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு வருசம் நான் ஊரு வாயில கெடந்து நாறுனேன். பக்கத்துலதான படுத்திருந்தீக. ஒரு நாளாச்சும் சொல்லத் தோணலயா?"

"நித்தம் தோணும் பஞ்சு. நீ மூஞ்சியத் திருப்பிக்கிருவியேன்னு வாய் வரல. அவனும் இல்ல, நீயும் இல்லன்னா நான் என்ன செய்ய?"

அவள் அழுதாள். அவர் பக்கத்தில் போகவில்லை. போகிற தைரியம் அவருக்கு இல்லை. அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"விழாவுக்கு வாங்க. அத்தன பேரு முன்னாடி நின்னு சொல்லுங்க, எம்புள்ள தப்புப் பண்ணலன்னு. அதத் தவிர எனக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

ஊரிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் போயிருந்தோம். தேவயானியும் வந்திருந்தாள். பெரிய ஹால், மின்விசிறிச் சத்தம், மேடையில் ஈஸ்வரபாண்டியின் படம். வாத்தியார்கள் அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். கருவியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அதுவும் ஒரு மரியாதை என்று நினைத்திருப்பார்கள். தவசியைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து அவருக்குப் பழக்கமில்லை, வாயில் இடித்துக்கொண்டார்.

"எம்மகன் வச்சது சரியாத்தான் காட்டுச்சுய்யா. குழாய் சாஞ்சிருந்துச்சு. சாஞ்சதக் கண்டா என் கை சும்மா இருக்காது. நிமித்திப்புட்டேன். அவன் என்னய நம்பி எறங்கிட்டான். திரும்ப அங்கன வைங்கய்யா. என்னய மாதிரி ஆளுக கிட்டப் போகாம வேலி போட்டு வைங்க."

பஞ்சம்மாள் எழுந்து, அவரைப் பார்க்காமலே அவரைத் தாண்டிப் போய், மேடையில் நின்ற ஷீபாவின் கையில் ஸ்காலர்ஷிப்பைக் கொடுத்தாள். ஷீபா அவள் காலில் விழுந்தாள். அந்தச் சரிவில் வரப்போகிற ஐப்பசி மழைக்கு முன்பே கருவி வைக்கப் போவதாகப் பெரிய வாத்தியார் அறிவித்தார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம், சின்னமனூரில் இறங்கித்தான் ஓடைப்பட்டிக்கு மாற வேண்டும். பஞ்சம்மாள் முன்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து மகனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. தவசி அதன் அருகில் வந்து கொஞ்ச நேரம் நின்றார். அவள் கைப்பையை எடுத்து அதில் வைத்தாள். அவர் பின்னால் வந்து எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தார்.

செக்கானூரணி தாண்டியதும் கண்டக்டர் டிக்கெட் போட வந்தார்.

"சின்னமனூர் ஒண்ணு" என்றாள் பஞ்சம்மாள்.

"கூட யாரும் வாராகளாம்மா?"

"இல்ல. ஒண்ணுதான்."

கண்டக்டர் ஒவ்வொரு வரிசையாகப் போட்டுக்கொண்டே பின்னால் வந்தார். தவசி முன்பக்கம் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் இரண்டு தரம் கேட்ட பிறகுதான் திரும்பினார்.

"சின்னமனூர்" என்றார். "ஒண்ணு."